ஜன்னலோரத் தண்ணீர்க் கேன்

இரண்டாம் மாடி ஜன்னலோரத்தில் ஒரு தண்ணீர்க் கேன் இருந்தது. அதைக் கதவுப் பக்கம் நகர்த்தச் சொன்னவள் பூனை. ஒரு கேனை நகர்த்தியதெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள், மூன்று வாரம்.

பூனை என்பது அவளுக்குக் கழுகக்கா வைத்த பெயர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை முற்றத்தில் எங்கே வெயில் விழுகிறதோ அங்கே போய் உட்காருவாள். வெயில் நகர்ந்தால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளும் நகருவாள். "பூனைகூட இப்படி வெயிலைத் தேடாதுடி" என்றாள் கழுகக்கா. அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

கழுகக்காவின் பெயர் மட்டும் சும்மா வந்ததா என்ன? அது ஆயத்த ஆடை தைக்கும் இடம். கடல்நீலம் என்று ஒரே பெயரில் வரும் இரண்டு துணிச் சுருள்கள் ஒரே நிறமாக இருந்துவிடாது. நேற்றுச் சாயம் ஏறியதும் இன்று ஏறியதும் அக்கா தங்கை மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்காது. தெரியாமல் சேர்த்துத் தைத்தால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். வெட்டி வரும் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து, கட்டாகக் கட்டி, தன் பெயர்ச் சீட்டை ஒட்டித் தையலுக்கு அனுப்புவதுதான் இந்த இரண்டு பேரின் வேலை. வெளிர் நிறமெல்லாம் பூனைக்கு. கறுப்பு, கருநீலம், காப்பிக்கொட்டை நிறமெல்லாம் கழுகக்காவுக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சீட்டு ஒட்டிய ஒரு கட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. அடர் நிறத்துக்கு வெயில் வேண்டும் என்பதால் ஜன்னலோர மேஜை அவளுடையது. ட்யூப்லைட்டுக்குக் கீழே கறுப்பும் கருநீலமும் கூசாமல் பொய் சொல்லும்.

கோடை முடிகிற சமயம் வந்தால் பூனைக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். நாள் சுருங்கச் சுருங்க அவளும் சுருங்குவாள். சாயங்காலம் ஐந்து மணிக்கே தெருவிளக்கு எரியத் தொடங்கினால் போதும், யாரோ மார்பில் ஈரச்சாக்கைப் போட்ட மாதிரி ஆகிவிடும். போன வருஷம் அது உச்சத்துக்குப் போனது. கணவன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன், மாதத்துக்கு இரண்டு தடவை முகம் காட்டுவான். இவள் படுத்தவள் படுத்தபடி கிடந்தாள். ஆறு வயது மகள் தானே நாற்காலி போட்டு ஏறி, ரொட்டிப் பாக்கெட்டை எடுத்து, இரண்டு துண்டை டப்பாவில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பதினோரு நாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல் அந்தக் குழந்தை பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. அதை நினைத்தால் பூனைக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அதனால் இந்த வருஷம் முன்கூட்டியே டாக்டரிடம் போனாள். அந்தம்மா திட்டவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை.

"வருஷா வருஷம் வருதுன்னு தெரியுதில்ல? அப்ப வர்றதுக்கு முன்னாடியே நாம தயாரா இருப்போம். காலையில அரை மணி நேரம் வெளிச்சத்துல நடங்க. தூங்குறதும் எழுந்திரிக்கிறதும் ஒரே நேரம். வேளாவேளைக்குச் சாப்பாடு. தினம் ஒருத்தர்கிட்டயாவது வாய்விட்டுப் பேசுங்க. வேலை செய்யுற இடத்துலயும் வெளிச்சமா இருக்கிற பக்கம் உட்காருங்க. ரெண்டு வாரம் பார்த்தும் சரியா வரலைன்னா உடனே வாங்க, மருந்து இருக்கு. உங்களை நீங்க கவனிச்சுக்கிறதுல ஒண்ணும் தப்பில்லம்மா."

பூனை தலையை ஆட்டினாள். தன்னைக் கவனித்துக்கொள்வது என்பது அவளுக்குப் பிறத்தியார் பையில் கைவிடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மகளுக்காக என்று சொல்லிக்கொண்டாள். டாக்டர் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்: 'பகல் வெளிச்சம் படும் இடத்தில் அமர்ந்து வேலை செய்ய அனுமதிக்கவும்.'

சூப்பர்வைசர் அந்தச் சீட்டை இரண்டு தரம் படித்தார். நல்ல மனிதர்தான், பாதியைப் படித்து மீதியை ஊகித்துக்கொள்ளும் ரகம்.

"ஓ, கண்ணு பிரச்சினையா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெட்டும் பிரிவில் ஒருத்தி இரண்டு நாள் விடாமல் அழுதாள். அதற்கப்புறம் அவளை மெண்டல் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் கத்திரிக்கோலை அவள் கையில் கொடுக்க பயமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது பூனைக்கு ஞாபகம் வந்தது.

"ம்" என்றாள்.

ஜன்னலோர மேஜை அவளுக்கு வந்தது. வேலை மட்டும் மாறவில்லை. அடர் நிறம் கழுகக்காவிடமே இருக்கட்டும் என்றார் சூப்பர்வைசர். "கழுகுக்கென்ன, இருட்டுல விட்டாக்கூடக் கண்டுபிடிச்சிடுவாங்க!" எல்லாரும் சிரித்தார்கள். கழுகக்காவும் சிரித்தாள்.

"எடுத்துக்கடி. இத்தனை வருஷமா வெயிலு குடிச்சுக் குடிச்சு நான் கறுத்தது போதும். இனிமே நிழல்ல இருந்து செவக்கப் போறேன், பாரு."

அப்படியே டப்பா, பை, கத்தரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ட்யூப்லைட்டுக்குக் கீழே போய்விட்டாள்.

பலித்தது, அதுதான் கொடுமை. டாக்டர் சொன்னது அத்தனையும் பலித்தது. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்காமல் நடந்தே வந்தாள். பகலெல்லாம் வலது கன்னத்தில் வெயில் பட்டது. மத்தியானம் பசித்தது. பசித்தது! போன வருஷம் இந்த நாளில் பசி என்றால் என்னவென்றே தெரியாமல் கிடந்தவள். ஒரு நாள் ரொட்டிக்கு முட்டை பொரித்துக்கொண்டே ஏதோ முனகிப் பாடியிருக்கிறாள். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு நீ நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்டா தங்கம்."

"நாளைக்கும்?"

"நாளைக்கும்தான்."

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! தண்ணீர்க் கேன் விடவில்லை.

கேன் ஜன்னலை ஒட்டி, பூனையின் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் இருந்தது. இத்தனை வருஷமாகத் தண்ணீர் பக்கமே தலைவைத்துப் படுக்காத கழுகக்காவுக்குத் திடீரென்று தாகம் பிடித்துக்கொண்டது. காலையில் மூன்று தடவை, மத்தியானத்துக்கு மேல் நாலு தடவை வருவாள். இடது கை மேலங்கிப் பைக்குள் இருக்கும், வலது கையில் டம்ளர். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி மடக்கு மடக்காகக் குடிப்பாள். அவளும் ஆள் கொஞ்சம் அகலம். அவள் நின்றால் பூனையின் மேஜை முழுக்க நிழல்.

முதல் வாரம் பூனை பேசாமல் இருந்தாள். இரண்டாம் வாரம் உள்ளுக்குள் கறுவத் தொடங்கினாள். 'வேணும்னே வந்து நிக்கிறாங்க. இடத்தைப் புடுங்கிட்டேன்னு சொல்லாம சொல்றாங்க. சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டு இப்ப குத்திக் காட்டுறாங்க.' குற்றம் உள்ள நெஞ்சுக்கு எல்லாமே குத்தல்தானே. நாளும் சுருங்கிக்கொண்டே வந்தது. கிடைக்கிற கொஞ்ச வெயிலில் இந்தம்மா வேறு பங்குக்கு வருகிறாளே என்று எரிச்சல் முட்டியது.

ஒரு நாள் வாட்ச்மேன் புதுக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பூனை சொன்னாள்: "அண்ணே, இங்க வெயிலடிச்சு தண்ணி சூடாயிடுது. கதவுப் பக்கம் வச்சிடுங்களேன்."

"அதுவும் சரிதாம்மா" என்று அவர் முக்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெயிலா? அந்தப் பருவத்து வெயில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சூடாக்காது.

கழுகக்கா சாயங்காலம் டம்ளரோடு எழுந்து வந்தாள். பாதி தூரம் வந்து நின்றாள். காலியாக இருந்த ஜன்னலோரத்தைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்குத் தாகமே எடுக்கவில்லை. பார்த்தாயா, தண்ணிக்காக வரவில்லை என்று நான் நினைத்தது சரிதான் என்று பூனை தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் முகம் வெளிறிப் போய் வந்தார். கையில் செல்போன். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன கருநீலக் கோட்டுகள், நூற்றி நாற்பது. படத்தில் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு கை கறுப்பு.

"இந்தக் கட்டுல எல்லாம் உங்க சீட்டுதான் இருக்கு. என்ன பதில் சொல்றீங்க?"

கழுகக்கா எதற்கும் பதில் வைத்திருப்பவள். முதலாளி வந்து கேட்டாலும் அவரைச் சிரிக்க வைத்து அனுப்புகிறவள். அன்றைக்குக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்தாள்.

"திங்கக்கிழமை மேனேஜர் வர்றாரு. வயசாயிடுச்சு, அனுப்பிடலாம்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு. நான் எதைச் சொல்லித் தடுக்க? அதுவரைக்கும் துணியைத் தொடாதீங்க." சூப்பர்வைசரின் குரல் கம்மியது. "உங்களுக்கா இப்படி? அதுதான்க்கா எனக்குப் புரியல."

பூனைக்கும் புரியவில்லை. மத்தியானம் முற்றத்துக்குப் போக மனம் வராமல் பிரிவிலேயே இருந்தாள். கழுகக்கா வெளியே போயிருந்தாள், அவளுடைய மேலங்கி ஆணியில் தொங்கியது. ஜன்னல் காற்றில் அது வழுக்கிக் கீழே விழ, எடுத்து மாட்டப் போனாள். பையிலிருந்து என்னவோ பொலபொலவென்று கொட்டியது.

துணித் துணுக்குகள். நகத்தளவு, விரலளவு. துண்டுகளின் ஓரத்தில் தையலுக்குள் மறையும் இடமாகப் பார்த்து வெட்டியவை. ஒவ்வொன்றிலும் அது எந்தக் கட்டுத் துண்டு என்று எண் எழுதிய சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது. பூனை அவற்றைக் கைநிறைய அள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்தில் கறுப்பு கறுப்பாகவும் கருநீலம் கருநீலமாகவும் பிரிந்தது. ட்யூப்லைட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தாள். அவளுடைய முப்பத்தைந்து வயதுக் கண்ணுக்கே தடுமாறியது.

கழுகக்கா இடத்தைக் குத்திக் காட்ட வரவில்லை. இந்தத் துணுக்குகளைப் பைக்குள் மூடிய கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஏழு தடவை. அந்த ஏழு தடவையையும் மூடியது யார்?

அன்று சாயங்காலம் வீட்டில் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். கை அதன் பாட்டுக்குப் பின்னியது. மகள் கணக்குப் பண்ணிச் சொன்னாள்: "அம்மா, போன வருஷம் இந்நேரம் நீ படுத்திருந்தே. இந்த வருஷம் ஒரு நாள்கூடப் படுக்கல. நான் எண்ணிக்கிட்டே வர்றேன்."

பூனை பின்னலை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். படுக்காமல் இருப்பதற்கு இப்படி ஒரு விலையா? ஜன்னலைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை மறுபடியும் நாற்காலி போட்டு ஏறுமோ? கொடுக்காவிட்டால் ஒருத்தியின் இருபத்திரண்டு வருஷம் தெருவுக்குப் போகும். 'நான் என்ன, பெரிய பங்களாவா கேட்டேன்? கொஞ்சம் வெயில்தானே கேட்டேன்' என்று ஒரு பக்கம் அழுகை வந்தது. 'கேட்கலையே, பொய் சொல்லித்தானே வாங்கினே' என்று இன்னொரு பக்கம் அறைந்தது. இரண்டாவதுதான் உண்மை.

மறுநாள் காலையில் வழக்கம்போல் நடந்தே வந்தாள். நேராகச் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போய், கதவைக்கூடச் சாத்தாமல் நின்றாள்.

"சார், அன்னிக்கு நான் குடுத்த சீட்டு கண்ணுக்கு இல்ல."

"பின்ன?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்கு மனசுதான் சரியில்லாமப் போகும். வருஷா வருஷம் வெயில் காலம் முடிஞ்சா படுத்துடுவேன். அதுக்கு வெளிச்சம் வேணும்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க கண்ணான்னு கேட்டீங்க, நான் ம்னு சொல்லிட்டேன். மெண்டல்னு சொல்லிடுவாங்களோன்னு பயம் சார்."

வெளியே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவளுக்குக் காது சுட்டது. நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"ட்யூப்லைட்டுல கறுப்பையும் கருநீலத்தையும் யாராலயும் பிரிக்க முடியாது சார். வேணும்னா நீங்களே பிரிச்சுப் பாருங்க. அந்த மேஜையை நான் புடுங்கினதாலதான் இது ஆச்சு. மேனேஜர்கிட்ட இதைச் சொல்லுங்க. சீட்டுல பேர் அவங்களுது, தப்பு என்னுது."

சூப்பர்வைசர் நிஜமாகவே பிரித்துப் பார்த்தார். கறுப்பிலும் கருநீலத்திலும் கொஞ்சம் துணுக்குகளை வெட்டிக் கலைத்துப் போட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே பத்து நிமிஷம் மல்லாடினார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் தப்பு. தலையைச் சொறிந்துகொண்டார்.

"வேலையையாவது மாத்திக் குடுத்திருக்கணும். என் மேலயும்தான் தப்பு" என்றார். "ஏம்மா, மனசுன்னு சொல்லியிருந்தா மட்டும் நான் கடிச்சா தின்னிருப்பேன்?"

தின்னமாட்டார்தான். அது இப்போது தெரிந்து என்ன பிரயோசனம்?

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார், கத்தினார், ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். கழுகக்காவுக்கு வேலை தங்கியது, ஜன்னலோர மேஜையும் திரும்பி வந்தது. பூனை தன் டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே போனாள். போகிற போக்கில், இன்னும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒன்றைச் சொன்னாள்.

"அக்கா, கேனை நகர்த்தச் சொன்னது நான்தான்."

"தெரியும்." கழுகக்கா நிமிரவில்லை. "வாட்ச்மேன் வாயில என்னிக்கு எது தங்கியிருக்கு?"

"தெரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னன்னு கேப்பேன்? கேன் இங்கயே இருந்தா உனக்கென்னன்னு கேட்டா, நீ திருப்பி உங்களுக்கென்னன்னு கேப்பே. கண்ணுல பூ விழுந்துடுச்சு, எனக்கே நிறம் தெரியலைன்னு சொல்லவா? கழுகாம் கழுகு." குரல் தாழ்ந்தது. "ஜன்னல் பக்கத்துல இருந்தா எப்படியோ ஒப்பேத்திடுவேன். நீ வந்து எடுத்துக்கிட்டே. சரி, சின்னப் பொண்ணு, கண்ணு போச்சேன்னு நான் வேற ரெண்டு நாள் உனக்காக அழுதேன்டி. கண்ணு மங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே."

பூனை கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவளுடைய பொய்க்கண்ணுக்காக, உண்மையிலேயே கண் போய்க்கொண்டிருந்தவள் அழுதிருக்கிறாள்.

"அக்கா..."

"போ. என்கிட்ட இப்ப பேசாதே. எனக்கு ஆத்திரமா இருக்கு. என் கண்ணைப் பத்தி யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அப்புறம் இருக்கு உனக்கு. லீவு கெடைச்சதும் நானே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்."

நாலு நாள் கழுகக்கா அவளோடு பேசவில்லை. பூனை காலையில் நடந்தாள், நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குப் படுத்தாள். மகளுக்குச் சொன்ன வாக்கு இருக்கிறதே. ஆனால் மூன்று மணிக்கு மேல் ட்யூப்லைட்டின் கீழே அந்த ஈரச்சாக்கு மெல்ல மார்பில் ஏறுவது தெரிந்தது. ஏறட்டும், இது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தாள். தண்டனை மாதிரி அதை வாங்கிக்கொண்டாள். அது வந்து உட்கார்ந்தால் தனக்கு மட்டுமா தண்டனை, வீட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும்தானே என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வந்தபோது கதவுப் பக்கம் கேன் இல்லை. ஜன்னலோரத்தில், கழுகக்காவின் மேஜைக்குப் பக்கத்தில், பழைய இடத்தில் முக்காலியோடு உட்கார்ந்திருந்தது. பூனை பார்த்தும் பார்க்காத மாதிரி போய்த் தன் துணியைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

பதினொரு மணி இருக்கும்.

"ஏய் பூனை!" மாடி முழுக்கக் கேட்கிற குரல். "காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல, கிட்னி கல்லாயிடப் போவுது. வா இங்க!"

தையல்காரிகள் சிரித்தார்கள். பூனை எழுந்து போனாள். கழுகக்கா ஏற்கெனவே டம்ளரில் பிடித்து வைத்திருந்தாள். தன் நாற்காலியை ஒரு அடி பின்னால் இழுத்துக்கொண்டாள். பூனை நிற்கிற இடத்தில் வெயில் விழுந்தது, நேராக முகத்தில்.

"மெதுவாக் குடி. அவசரமில்ல" என்றாள் கழுகக்கா, கையிலிருந்த கருநீலத் துண்டைப் பார்த்துக்கொண்டே. "ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவேன். வரலைன்னா அங்க வந்து தலையில ஊத்துவேன்."

பூனைக்குத் தாகம் துளிக்கூட இல்லை. ஆனாலும் கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாகக் குடித்தாள். டம்ளர் தீர்ந்ததும் கழுகக்கா வாங்கி, மறுபடியும் நிரப்பிக் கையில் கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தாள்.